குடிக்காத கோயில்பிள்ளையின் சிவந்த முகம்

ஆரோக்கியதாஸ் தன் வாழ்நாளில் குடித்த மொத்த மதுவும் ஒரு தேக்கரண்டிக்கு மேல் இராது. அதையும் உடனே வாந்தி எடுத்துவிட்டார். சிறு வயதில், சொந்த ஊரான கவுஞ்சிக்குப் பூசை வைக்க வந்த சாமியாரின் குப்பியை யாரும் பார்க்காத நேரத்தில் திறந்து நாக்கில் விட்டுப் பார்த்ததோடு அந்த விவகாரம் முடிந்தது. பிறகு அவர் குடிக்காமல் இருந்ததற்கு ஒழுக்கம் காரணமல்ல. நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆனால் குடிக்காதவன் என்று பெயர் வந்துவிட்டால், காரணத்தை யாரும் கேட்பதில்லை. அந்தப் பெயரை நம்பித்தான் அவரைக் கோயில்பிள்ளையாக வைத்துக்கொண்டார்கள்.

கோடைக்கானல் டவுனிலிருந்து பள்ளங்கிக்கு இறங்கும் பாதையில் இருந்த சின்ன மாதா கோயில் அது. மணி அடிப்பது, பீடத்துக்குத் துணி விரிப்பது, மெழுகுதிரியை ஏற்றி அணைப்பது, பூசைக்கு அப்பமும் திராட்சை ரசமும் எடுத்து வைப்பது ஆகியவை கோயில்பிள்ளையின் சோலி. கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை. அதில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், மனைவி கித்தேரியம்மாளின் போட்டோ. அவள் கல்யாணமான மூன்றாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. கவுஞ்சியில் பூண்டு போட்டுக்கொண்டிருந்த அண்ணன்மார்கள் அறுவடை நல்லாயிருந்தால் நினைப்பார்கள். இல்லாவிட்டால் இவர் நினைத்துக்கொள்வார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் முகம் சிவக்க ஆரம்பித்தது.

மாநிறமான முகம். அடுப்பில் ஏற்றிய செம்புப் பானை போல, கழுத்தில் தொடங்கி கன்னம், நெற்றி என்று ஏறும். சில நிமிஷம் நிற்கும், இறங்கிவிடும். முதலில் ஊர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டது. "என்ன கோயில்பிள்ள, மலைக் குளிரு ஒங்களுக்குத்தான் ஒத்துக்கிட்டிருக்கு. துரை மாதிரில்ல ஆயிட்டீங்க!" என்று பால்காரர் சொன்னார். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கன்னம் ஏரிக்கரைக் காற்றில் சிவப்பதைப் பார்த்துப் பழகிய ஊர் அது. ஆரோக்கியதாஸுக்கும் சற்று பெருமையாகத்தான் இருந்தது.

பெருமை ரொம்ப நாள் நிலைக்கவில்லை. எழுபத்து நான்கில் மதுவிலக்கு மறுபடி வந்தது. கடைகள் மூடின. மலையில் சட்டப்படி மது இருந்த அலமாரிகள் சில. அவற்றில் ஒன்று கோயிலுடையது. அந்த அலமாரியின் சாவி ஆரோக்கியதாஸின் இடுப்பில் இருந்தது. நாடே வறண்டு கிடக்கையில் ஒரு மனுஷனின் முகம் மட்டும் காலை ஆறரைக்குச் சிவந்திருந்தால், ஊர் கணக்குப் போடாமல் இருக்குமா?

முதலில் கணக்குப் போட்டவர் இசபெல்லா டீச்சர். கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர். ஆர்மோனியத்திலிருந்து பார்த்தால் பூசைப் பொருள்கள் இருக்கும் அறையின் வாசல் நேராகத் தெரியும். பூசை நடுவில் ஆரோக்கியதாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவதையும், வியர்த்துத் திரும்பி வருவதையும், மூச்சு இழுக்க நிற்பதையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அது பேதி. தினம் ஏழெட்டுத் தடவை போகும் பேதி. ஆனால் பூசை நடுவில் ஓடுகிறவன் எதற்கு ஓடுகிறான் என்று எழுதி ஒட்டிக்கொண்டா ஓட முடியும்?

பங்குச் சாமியார் செபாஸ்டின் நியாயமான மனிதர். நியாயமாக விசாரித்தார். ரசக் குப்பிகளை எண்ணிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. டீச்சர் அதற்கும் பதில் வைத்திருந்தார்.

"எப்படிக் கொறையும் ஃபாதர்? எடுக்கிறவன் தண்ணி ஊத்தி வைக்க மாட்டானா?"

குறைந்திருந்தால் குற்றம், குறையாவிட்டால் பெரிய குற்றம். ஆரோக்கியதாஸை அழைத்தார்கள்.

"ஆரோக்கியம், ஒண்ணு கேக்கிறேன், மறைக்காமச் சொல்லணும். நீ குடிக்கிறியா?"

இங்கேதான் ஆண்டவர் ஒரு வேடிக்கை வைத்திருந்தார். மனசு பதறினால் ஆரோக்கியதாஸின் முகம் சிவக்கும். குடிக்கிறாயா என்று கேட்டால் எந்த யோக்கியனுக்கும் மனசு பதறும். சாமியார் கேள்வியை முடிப்பதற்குள் கழுத்தில் செம்பு ஏறிவிட்டது.

"இல்ல சாமி. சத்தியமா இல்ல."

"பாருங்க ஃபாதர், பாருங்க," என்றார் டீச்சர். "இப்பக்கூடப் போட்டுட்டுத்தான் வந்திருக்காரு."

"ஊதிக் காட்டட்டுமா டீச்சர்?"

"ஏலக்காய மென்னுருப்பீங்க."

மென்றிருந்தார்தான். வயிற்றுக்கு நல்லது என்று.

சாமியார் கையை நீட்டினார். ஆரோக்கியதாஸ் இடுப்பிலிருந்து அலமாரிச் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தார். மணியும் மெழுகுதிரியும் துணியும் அவரிடமே இருந்தன. ஆனால் ஒவ்வொரு காலையும் சாமியாரே வந்து அலமாரியைத் திறந்து, ரசத்தை ஊற்றி, பூட்டிவிட்டுப் போனார். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் ஆரோக்கியதாஸுக்கு மிச்சமிருந்த வேலை. அந்த இரண்டு நிமிஷமும் முகம் சிவந்தே இருக்கும்.

பிறகு ஊர் அவரிடம் நிறையப் பேச ஆரம்பித்தது. முன்பு 'வாங்க கோயில்பிள்ள' என்பதோடு போனவர்கள், இப்போது நின்று புத்தி சொன்னார்கள். பீட் ரூட் விற்கும் பாப்பம்மாள், "ஏன்யா, பொண்டாட்டியும் இல்ல, புள்ளையும் இல்ல, இந்தக் கருமத்த எதுக்குத் தொடுற? வேணும்னா எங்க வீட்ல வந்து ஒரு வா காப்பி குடிச்சிட்டுப் போ," என்று கையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் காப்பியைக் குடித்ததும் முகம் சிவந்தது. சூடு பட்டாலும் சிவக்கும் முகம் அது. "காப்பிக்குள்ளயும் கலந்துட்டியா?" என்று பாப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவமானமாக இருந்தாலும் அது ஒரு பேச்சு. பேச்சே இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

எழுபத்தேழில் கால் இரண்டும் வீங்கின. விலாவுக்குக் கீழே கல் வைத்தது போல ஈரல் தட்டுப்பட்டது. கோடைக்கானல் டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். வீங்கிய ஈரல் என்றதும் ஊருக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. குடிகாரனுக்குத்தானே ஈரல் கெடும்?

சாமியார் பஸ் வரைக்கும் வந்தார். "டாக்டர் என்ன சொல்றாருன்னு பாப்போம் ஆரோக்கியம். இது குடியில்லன்னு அவர் சொன்னாருன்னா, சாவிய நானே ஒன் கையில கொடுக்கிறேன். அப்படி இல்லன்னா அந்த ரூமையும் காலி பண்ணித்தான் ஆகணும். எனக்கும் வேற வழி இல்ல."

மலையிறங்கும் பஸ்ஸில் எல்லோரும் சின்னதாகவாவது ஒன்றை வேண்டிக்கொள்வார்கள். வாந்தி வரக்கூடாது என்றாவது. நமக்கு ஏதாவது பெரிய வியாதியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இறங்கியவர் ஆரோக்கியதாஸ் ஒருவராகத்தான் இருக்கும்.

வேண்டுதல் பலித்தது. டாக்டர் அலெக்சாண்டர் நாகர்கோவில்காரர், இளைஞர், அபூர்வ வியாதியைப் பார்த்தால் அவருக்குச் சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடும். ஆரோக்கியதாஸிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே செம்பு ஏறுவதைப் பார்த்தார். எழுந்து ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டுப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷமிருக்கும் சார். நான் குடிக்கிறதில்ல சார்."

"நான் அதைக் கேட்கலையே."

மூன்று வருஷத்தில் அவரிடம் அதைக் கேட்காத முதல் மனிதர் டாக்டர்தான். ஆரோக்கியதாஸுக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததும் இன்னும் சிவந்தது. டாக்டருக்கு இன்னும் சந்தோஷம்.

ஈரலில் ஊசி போட்டு ஒரு துளி சதை எடுத்தார்கள். வார்டில் ஆரோக்கியதாஸுக்கு அடுத்த கட்டிலில் இருந்தவர் நாச்சிமுத்து. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. பால் போல வெளுத்த, சிரித்த முகம், விபூதிப் பட்டை. பார்க்கிறவர் எவரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். குடல் அடைத்துக்கொண்டு வந்தவர். வயிற்றைத் திறந்து குடலில் ஒரு கட்டியை எடுத்திருந்தார்கள். ஈரலில் அதன் குட்டிகள் நிறைய இருந்தன.

ஆரோக்கியதாஸ் வந்த முதல் நாளே தன் வரலாற்றைக் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டார். கோயில்பிள்ளை என்றால் அவருக்குச் சாமியார்தான்.

"சாமியாரே, இருவத்தஞ்சு வருசமா நான் குடிக்காத நாளு கெடையாது. கிருத்திகை ஒண்ணு தவிர. மதுவிலக்காவது மண்ணாங்கட்டியாவது! எங்க ஊர்ல கெடைக்கும். ஆனா ஒருத்தன் என்னைய ஒரு வார்த்தை சொன்னதில்ல. மொகத்துல தெரியாதுல்ல."

ஆரோக்கியதாஸ் தன் வரலாற்றைச் சொன்னார். நாச்சிமுத்து சிரித்த சிரிப்பில் தையல் வலித்து, நர்ஸைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

"அடப்பாவி! நான் குடிச்சதுக்கெல்லாம் நீ செவந்திருக்கியே!"

நர்ஸ் இரண்டு பேரையும் திட்டினாள். ஆரோக்கியதாஸுக்குக் கித்தேரியம்மாள் போன பிறகு யாரோடும் சேர்ந்து திட்டு வாங்கிய ஞாபகம் இல்லை.

ஊசிச் சதையின் முடிவு வந்ததும் டாக்டர் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே சாதிக் கட்டி. குடல்ல ஆரம்பிச்சு ஈரலுக்கு ஏறியிருக்கு. நரம்பும் சுரப்பியும் கலந்த மாதிரியான ஒரு செல் இருக்கு, அதுல வர்றது. ஆரோக்கியதாஸ், உங்க கட்டி ஒரு சாறு சுரக்குது. அது ரத்தத்துல கலந்து முகத்தைச் சிவக்க வைக்குது, வயித்தைக் கலக்குது, மூச்சை இழுக்குது, இதயத்தையும் கொஞ்சம் தொட்டிருக்கு. புத்தகத்துல எப்படி எழுதியிருக்கோ அப்படியே நடக்கிற கட்டி."

"அப்ப எனக்கு?" என்றார் நாச்சிமுத்து.

"உங்களுது புத்தகத்துக்கு அடங்காதது. ஊமை. எதையும் சுரக்கிற மாதிரித் தெரியல. அதனாலதான் குடல் அடைக்கிற வரைக்கும் உங்களுக்கே தெரியல."

"ஊமைன்னா நல்லதுதான டாக்டர்?"

டாக்டர் முக்காலியை நகர்த்திக்கொண்டார். "மைக்ராஸ்கோப்புல பார்த்தா, இவருடைய செல்லெல்லாம் கோயில்ல பெஞ்சுல உட்கார்ந்த மாதிரி வரிசையா இருக்கு. நிதானமாப் பெருகுது. இப்படி இருக்கிறவங்க பல வருஷம் இருப்பாங்க. உங்களுது தைப்பூசக் கூட்டம் மாதிரி. ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு, வெரசாப் பெருகுது."

ஊரெல்லாம் காட்டிக்கொடுக்கிற கட்டி நிதானமானது. வாய் திறக்காத கட்டி அவசரக்காரன். நாச்சிமுத்து விபூதியைத் தடவிக்கொண்டார். "அதான பாத்தேன். எங்க ஆளுக எப்பவும் கூட்டம்தான்," என்றார். டாக்டர் சிரிக்கவில்லை.

டாக்டருக்கு இன்னொரு சோதனை தேவைப்பட்டது. அந்தச் சாறு உடம்பில் இருந்தால், அதன் கழிவு சிறுநீரில் இருக்கும். ஒரு முழு நாள் சிறுநீரைப் பழுப்புக் குப்பியில் பிடித்து, அதில் மருந்தைச் சொட்டினால் ஊதா நிறமாகும். ஆகிவிட்டால், முகம் சிவப்பது கட்டியால்தான், குடியால் அல்ல என்று எந்தச் சாமியாரிடமும் சொல்லலாம். நாச்சிமுத்துவுக்கும் சேர்த்தே பார்த்துவிடுவது என்று முடிவானது. ஊமைக்குக் கடுமையான ஊசி போட வேண்டும், தலைமுடி கொட்டும், வாந்தி வரும். சாறு சுரக்கிற கட்டியாக இருந்தால் இப்போதைக்கு மாத்திரையோடு பார்த்துக்கொள்ளலாம்.

நர்ஸ் வந்து பத்தியம் சொன்னாள். "வாழைப்பழம் கூடாது, அன்னாசி கூடாது, தக்காளி கூடாது. அதுலயெல்லாம் இதே சாறு இருக்கு. சாப்பிட்டீங்கன்னா சும்மாவே ஊதா ஆயிரும். குப்பிய நெரப்பிக் குடுக்கிற வரைக்கும் தொடக்கூடாது."

"தொடமாட்டோம்மா," என்றார்கள் இருவரும்.

தொடவும் இல்லை. வார்டில் எல்லோருக்கும் வைத்த பழத்தை இருவரும் திருப்பி அனுப்பினார்கள். சோற்றுக்கு ஊற்றிய ரசத்தில் மிதந்த தக்காளித் தோலை ஆரோக்கியதாஸ் விரலால் எடுத்து எறிந்தார்.

நாச்சிமுத்துவின் மனைவி கந்தம்மாள் பழனியிலிருந்து வெள்ளனே பஸ் ஏறி, பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். அவளுக்குப் பின்னால் தம்பிகள், கடை ஆட்கள், பக்கத்துக் கடைக்காரர்கள். நாச்சிமுத்துவின் கட்டிலைச் சுற்றி எப்போதும் ஒரு சந்தை. அடுத்த கட்டிலில் ஆரோக்கியதாஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். தன்னைப் பார்க்க யாரும் வரவில்லை என்பதை யாரும் பார்க்காமலிருக்க அதுதான் வழி.

கந்தம்மாள் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, உங்களப் பாக்க யாரும் வரலீங்களா?"

"மல மேல இருந்து வரணும்ல, தூரமுங்க."

அவள் டப்பாவைத் திறந்து, ஒரு இலைத் துண்டில் பஞ்சாமிர்தத்தை அள்ளி நீட்டினாள். ஆரோக்கியதாஸ் தயங்கினார். கோயில்பிள்ளை, பழனிப் பிரசாதம். சாமியார் காதுக்குப் போனால் அலமாரிச் சாவியோடு மணிக் கயிறும் போய்விடும். ஆனால் ஒரு மனுஷி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். சுற்றிலும் நாச்சிமுத்துவின் ஆட்கள் இவரும் தங்கள் ஆள்தான் என்பது போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். நெய்யும் தேனும் கற்கண்டும் தொண்டையில் இறங்கின. மறுநாளும் கொடுத்தாள். அதற்கு மறுநாளும். நாச்சிமுத்துவோ தன் கடைச் சரக்கைக் கையால் வழித்துத் தின்றார். பழம் தொடக்கூடாது என்ற பத்தியத்தை அவர்கள் மீறியதாக அவர்கள் இருவருக்கும் தோன்றவில்லை. பழம் என்பது தோல் உரிப்பது. இது பஞ்சாமிர்தம்.

குப்பிகள் போயின. மறுநாள் டாக்டர் இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் கையில் பிடித்தபடி ஏறக்குறைய ஓடிவந்தார். இரண்டும் ஊதா. தவக்காலத்தில் பீடத்துக்குப் போடும் துணியின் அதே ஊதா; அந்தத் துணியை இருபது வருஷமாக மடித்து விரித்தவர் ஆரோக்கியதாஸ். தனக்கு இத்தனை அழகான துக்கம் வாய்க்கும் என்று அவர் நினைத்ததில்லை.

"நாச்சிமுத்து, உங்க ஊமையும் பேசுதுங்க! அந்த ஊசி இப்ப வேண்டாம். மாத்திரையே போதும்."

நாச்சிமுத்து ஆரோக்கியதாஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா சாமியாரே! ஒங்கூடச் சேந்து என் கட்டிக்கும் வாய் வந்திருச்சு."

அன்று மத்தியானமே சாமியார் செபாஸ்டின் வந்தார். பிஷப் இல்லத்துக்கு ஏதோ சோலியாக மதுரை வந்தவர், அப்படியே ஆஸ்பத்திரியையும் எட்டிப் பார்த்தார். டாக்டர் அவரிடம் குழாயைக் காட்டினார். குடியில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். சாமியாரின் கண் கலங்கியது.

"மன்னிச்சிரு ஆரோக்கியம். நாங்க தப்பா நெனச்சிட்டோம்."

அங்கியின் பைக்குள்ளிருந்து சாவியை எடுத்து ஆரோக்கியதாஸின் உள்ளங்கையில் வைத்து மூடினார். சாவி வெதுவெதுப்பாக இருந்தது.

விருந்தோம்பலில் நாச்சிமுத்துவை மிஞ்ச முடியாது. "சாமி, மொத தடவ வந்திருக்கீங்க. நம்ம கடைச் சரக்க ஒரு வாய் பாருங்க," என்று டப்பாவை நீட்டினார். சாமியார் மரியாதையாகக் கையை ஆட்டி மறுத்தார். மறுத்துவிட்டால் வியாபாரி சும்மா இருப்பாரா? "சீனிய அள்ளிப் போட்டு ஏமாத்துற கட இல்லீங்க நம்முது. ஒரு அண்டாவுக்கு இத்தன தாருன்னு மலை வாழப்பழம். விருப்பாச்சிப் பழம், வேற போட மாட்டேன். அத மசிச்சு அதுலதான் சக்கரை, நெய்யி, தேனு எல்லாம். முக்கால்வாசி பழந்தானுங்க!"

ஆரோக்கியதாஸ் அந்தப் 'பழம்' என்ற சொல்லைக் கேட்டார்.

நாச்சிமுத்துவுக்குக் கேட்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்த சொல்தான்; ஆனால் தினம் சொல்கிற சொல்லை யார் காதில் வாங்குகிறார்கள்? சாமியாருக்கு அதன் அர்த்தம் தெரியாது. டாக்டர் அடுத்த வார்டில். அந்தப் பெரிய கூடத்தில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் ஆரோக்கியதாஸ். கையில் சாவி. வாயைத் திறக்காவிட்டால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அவருக்குப் பெயர், நாச்சிமுத்துவுக்கு ஊசி இல்லை. திறந்தால், மறு சோதனையில் தன் குழாய் வெளுத்துப்போனால், கட்டி இருந்தாலும் சிவப்பு குடியால்தான் என்று ஆகிவிடும், அறையும் போகும்.

ஆனால் நாச்சிமுத்துவின் கட்டி தைப்பூசக் கூட்டம். அதற்கு மாத்திரை போதாது என்று டாக்டர் சொன்னது இவர் காதில் இருந்தது.

"சாமி," என்றார். முகம் நெருப்பாகிவிட்டது. "நானும் அதத் தின்னேன் சாமி. மூணு நாளா."

"எத?"

"பஞ்சாமிர்தத்த."

சாமியார் முகம் மாறியது. "பழனிப் பிரசாதத்தையா? கோயில்பிள்ளையா இருந்துக்கிட்டா?"

"அதில்ல சாமி..."

நாச்சிமுத்து குறுக்கிட்டார். "சாமி, கோவப்படாதீங்க. இது கடைப் பஞ்சாமிர்தம். சந்நிதிக்கே போகல. படைக்காத வரைக்கும் இது வெறும் இனிப்புதானுங்க."

"அப்படியா?" சாமியார் யோசித்தார். "படைக்கலன்னா பாவமில்ல."

"பாவமில்ல சாமி, ஆனா பழமிருக்கு!" என்றார் ஆரோக்கியதாஸ். "வாழப்பழம் தின்னா சும்மாவே ஊதா ஆகும்னு நர்ஸம்மா சொன்னாங்க. எங்க ரெண்டு பேரு குழாயும் பொய்யா இருக்கலாம்."

நாச்சிமுத்து முதல்முறையாகத் தன் கையிலிருந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

"ஏலே சாமியாரே," என்றார் மெதுவாக. "ஒனக்கு வாய் எதுக்குலே இருக்கு? எனக்கு ஊசி போடச் சொல்லவா?"

"ஆமாண்ணே."

டாக்டரைக் கூட்டி வந்தார்கள். பஞ்சாமிர்தத்தை வாழ்நாளில் தொட்டிராத நாகர்கோவில் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. டப்பாவை மோந்து பார்த்தார். தலையைப் பிடித்துக்கொண்டார். குழாய்கள் இரண்டையும் கழுவ அனுப்பினார். சாமியார் கையை நீட்டவில்லை. ஆரோக்கியதாஸே சாவியைத் திருப்பிக் கொடுத்தார். "இருக்கட்டும் சாமி. நெசம் தெரிஞ்சப்பறம் வாங்கிக்கிறேன்."

மறு பத்தியம் கசந்த பத்தியம். நாச்சிமுத்து அவரோடு பேசவில்லை. கட்டிலைச் சுற்றியிருந்த சந்தையும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கந்தம்மாள் மட்டும் போகும்போது ஒருமுறை தலையை ஆட்டிவிட்டுப் போனாள். ஆரோக்கியதாஸ் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்தார்.

இரண்டாம் தடவை டாக்டர் குழாய்களைக் கொண்டுவந்தபோது ஓடிவரவில்லை. ஆரோக்கியதாஸுடையது முன்பைப் போலவே கடும் ஊதா. நாச்சிமுத்துவுடையது வைக்கோல் ஊறிய தண்ணீர் போல வெளிர் மஞ்சள்.

ஆரோக்கியதாஸுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. நாச்சிமுத்துதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஊமை ஊமைதான்னு ஆயிருச்சு."

"மன்னிச்சிருங்கண்ணே."

"விடுலே. பொய்ப் பேச்சு பேசி எத்தன நாளைக்கு ஏமாத்துறது? ஊசி போட்டு மசிரு கொட்டுனா, முடியெறக்கின கணக்குல முருகன் எடுத்துக்கிடட்டும்." பிறகு திரும்பி, "பழனிப் பக்கம் வந்தா கடைக்கு வா. வரலன்னா நானே மல ஏறி வந்து, ஒன் மாதா கோயில் முன்னாடி குடிச்சிட்டு ஆடுவேன், பாத்துக்க," என்றார்.

ஆரோக்கியதாஸ் மலையேறினார். அரிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை ஒன்றை டாக்டர் கொடுத்திருந்தார். அது பேதியைப் பாதியாகக் குறைத்தது. முகம் மட்டும் சிவந்துகொண்டே இருந்தது. ஞாயிறு பூசையில் சாமியார் பிரசங்க மேடையிலிருந்தே அறிவித்தார்: நம் கோயில்பிள்ளை குடிகாரர் அல்ல, அவருக்கு ஈரலில் புற்றுநோய், நாம் எல்லோரும் அவருக்காகச் செபிக்க வேண்டும். சாவி பழையபடி இடுப்புக்கு வந்தது. இசபெல்லா டீச்சர் அழுதுகொண்டே வந்து மன்னிப்புக் கேட்டார்; கேட்கும்போது நான்கு அடி தள்ளி நின்றார்.

பெயர் சுத்தமாகிவிட்டது. பெயரைத் துடைக்கிற துணியாலேயே ஆளையும் துடைத்துவிட்டார்கள் போலிருந்தது. புத்தி சொல்ல யாரும் நிற்கவில்லை. குடிகாரனுக்குச் சொல்ல ஊரிடம் ஆயிரம் பேச்சு இருக்கிறது. சாகப்போகிறவனுக்கு ஒன்றும் இல்லை. பாப்பம்மாள் காப்பியைக் கொட்டாங்கச்சியில் கொடுக்கவில்லை, அவ்வளவு மோசமில்லை; ஆனால் அவர் குடித்த டம்ளரை வெந்நீரில் போட்டதை அவர் பார்த்தார். அப்புறம் போவதை நிறுத்திக்கொண்டார். அவள் கூப்பிடுவதையும் நிறுத்திக்கொண்டாள். ஏலே என்று அவரை அழைக்க மலை மேல் ஆளே இல்லாமல் போயிற்று. எல்லோரும் 'ஐயா' என்றார்கள்.

ஆகவே முடிகிறபோதெல்லாம் பழனி பஸ் ஏறினார். நாச்சிமுத்துவின் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவார். நாச்சிமுத்துவுக்கு முடி கொட்டி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தது. யாத்திரைக்காரர்கள் நேர்த்திக்கடன் மொட்டை என்று நினைத்துக் கும்பிட்டார்கள். "பாத்தியா, வியாதில கூட எனக்கு மரியாதைதான்," என்பார். பின்னறைக்குப் போய் வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். "ஒரு சொட்டு போடுறியா? போட்டாலும் போடாட்டியும் ஒம் மொகத்துக்கு ஒண்ணுதான." ஆரோக்கியதாஸ் சிரித்துக்கொண்டே மாட்டேன் என்பார். மாலை பஸ்ஸைப் பிடித்து மலையேறுவார். அடுத்த முறை வரும் வரைக்கும் பேசுவதற்கு மாதாவும் கித்தேரியம்மாளின் போட்டோவும்தான்.

இப்படி இரண்டு வருஷம் போனது. டாக்டர் சொன்னது போலவே, பெஞ்சில் உட்கார்ந்த செல்கள் உட்கார்ந்தே இருந்தன, கூட்டம் அவசரப்பட்டது. எழுபத்தொன்பது ஐப்பசியில் ஆரோக்கியதாஸ் கடைக்குப் போனபோது கதவு சாத்தியிருந்தது. தெருமுனையில் பந்தல் போட்டிருந்தார்கள். பறைச் சத்தம் கேட்டது.

உள்ளே போய் மாலை போட்டார். கண்ணாடிப் பெட்டியெல்லாம் இல்லாத காலம். நாச்சிமுத்து நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டு, அப்போதும் வெளுத்த முகத்தோடு, அப்போதும் கும்பிடத் தோன்றும்படி இருந்தார். ஆரோக்கியதாஸுக்கு அழுகை வந்தது. செம்பு ஏறியது. கழுத்து, கன்னம், நெற்றி, காது வரைக்கும். மூச்சு இழுத்தது. தடுமாறி வெளியே வந்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார்.

"யாருய்யா இந்த ஆளு? எழவு வீட்டுக்குக்கூடப் போட்டுட்டு வந்திருக்கான்," என்று ஒரு பெண் குரல் கேட்டது.

நாச்சிமுத்துவின் கடைசித் தம்பி பொன்னுவேல் எழுந்து வந்தான்; வெளியூரில் இருந்தவன், இவரைப் பார்த்ததில்லை. பெஞ்சில் நான்கைந்து பேர் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது, அழுகையால் மட்டுமல்ல. பொன்னுவேல் ஆரோக்கியதாஸின் முகத்தை உற்றுப் பார்த்தான். கோபமாகக் கேட்கவில்லை.

"அண்ணங்கூடச் சேந்து குடிக்கிற ஆளா நீங்க?"

உள்ளே கந்தம்மாள் தலையைத் தூக்கினாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டரும் சாமியாரும் ஊரறியச் சொன்ன உண்மை அது. ஆரோக்கியதாஸ் அவளைப் பார்த்தார். அவர்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

இடுப்பில் அலமாரிச் சாவி இருந்தது. மலை மேல் அவர் யோக்கியன். அங்கே அவர் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

"ஆமாங்க," என்றார் ஆரோக்கியதாஸ். "ரொம்ப நாளா."

பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்கள்.